முசிறி வாழைக்கு நான் வைத்த தலைப்பு

போன மாதம் நூர்ஜஹான் போன் செய்தாள். நான் வேலை பார்த்த நாளிதழின் திருச்சிப் பதிப்பில் மாவட்டப் பக்கங்களுக்கு இப்போது அவள்தான் பொறுப்பு. மரபணு திருத்திய நெல்லைப் பற்றி ஒரு செய்தி வந்திருக்கிறதாம். அதற்கு என்ன தலைப்பு வைப்பது என்று காலையிலிருந்து செய்தி மேசையில் சண்டையாம். 'ஆபத்து' என்ற சொல் இல்லாவிட்டால் யாரும் படிக்க மாட்டார்கள் என்கிறார் ஒருவர். 'புரட்சி' என்று போட வேண்டும் என்கிறார் இன்னொருவர்.

"அக்கா, நீங்க அந்த வாழை விஷயத்தை எழுதித் தாங்களேன். புதுசா வந்திருக்கறவங்க யாருக்கும் அது தெரியாது. நான் சொன்னா சும்மா கேட்டுட்டுப் போயிடறாங்க. நீங்க எழுதினா பிரிண்ட் எடுத்து எல்லாருக்கும் குடுத்துடுவேன்" என்றாள்.

ஊருக்கெல்லாம் கொடுக்கும் அளவுக்கு அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. என் வேலைக்காலத்தில் நான் செய்த மிகப் பெரிய தவறு அது. ஆனால் அந்தத் தவறைச் சுற்றி எனக்குக் கிடைத்த மனிதர்களை நினைத்தால் இன்றைக்கும் மனம் நிறைகிறது. அதனால் எழுதுகிறேன்.

என் அப்பாவுக்குப் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை. நான் தமிழ் பி.ஏ. முடித்ததும், எங்கள் தேவாலயத்தின் பங்குச் சாமியார் சொல்லி, நாளிதழில் பிழை திருத்தும் வேலைக்குச் சேர்ந்தேன். சில ஆண்டுகள் அதில் போயின. ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்று கனவிலும் திருத்திக்கொண்டிருந்தேன். பிறகு துணை ஆசிரியர் ஆனேன். அந்த வேலையைப் பற்றி வெளியே பலருக்குத் தெரியாது. நிருபர் ஊர் ஊராகப் போய்ச் செய்தி கொண்டுவருவார். துணை ஆசிரியர் மேசையில் உட்கார்ந்து அதைச் சுருக்கி, பிழை நீக்கி, படம் தேர்ந்தெடுத்து, தலைப்பு வைப்பார். நிருபரின் பெயராவது எப்போதாவது அச்சில் வரும். எங்கள் பெயர் வரவே வராது. ஆனால் வாசகர் முதலில் படிப்பது நாங்கள் எழுதிய தலைப்பைத்தான். பாதிப்பேர் அதோடு பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். அது எனக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்ததால் கொஞ்சம் கர்வமும் இருந்தது. பக்கத்தில் இரண்டு பத்தி அகலத்துக்கு எத்தனை எழுத்து நிற்கும் என்று எண்ணிப் பார்க்காமலே சொல்வேன். "ஜெசிந்தா வச்ச தலைப்பு" என்று மற்ற பதிப்புகளில் பேசிக்கொள்வார்கள்.

எனக்கு நாற்பது தாண்டியபோது சௌந்தரராஜன் செய்தி ஆசிரியராக மதுரையிலிருந்து மாற்றலாகி வந்தார். ஸ்ரீரங்கத்துக்காரர். உத்திர வீதியில் வீடு. என்னைவிட ஐந்து வயது இளையவர் என்பதால் கடைசி வரை என்னை "மேடம்" என்றுதான் கூப்பிட்டார். தப்பு நடந்தால் யாரையும் அறைக்குள் அழைத்துக் கேட்க மாட்டார். பக்கத்தின் மாதிரித் தாளை எடுத்துக்கொண்டு நம் மேசைக்கே வருவார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படிப்பார். ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்விதான்.

"இது யார் சொன்னா?"

கலெக்டர் சொன்னது என்றால் ஓரத்தில் 'க' என்று எழுதுவார். நிருபர் கண்ணால் பார்த்தது என்றால் 'நி'. யார் சொன்னதென்று தெரியாத வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போடுவார். பக்கம் அச்சுக்குப் போவதற்குள் அந்த வட்டமெல்லாம் காலியாக வேண்டும். போன் செய்து கேட்க வேண்டும், இல்லாவிட்டால் வரியை வெட்ட வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. அந்த வட்டத்துக்கு நாங்கள் 'முட்டை' என்று பெயர் வைத்திருந்தோம். "இன்னிக்கு எனக்கு நாலு முட்டை" என்று கேன்டீனில் ஒருவரை ஒருவர் கேலி செய்துகொள்வோம்.

அவர் வந்த சில மாதங்களில் மரபணுக் கத்திரிக்காய் விவகாரம் நாடெங்கும் கிளம்பியது. பூச்சி தாக்காமல் இருக்கக் கத்திரிக்காய்க்குள் வேறோர் உயிரின் மரபணுவைச் சேர்த்திருக்கிறார்கள், அதைச் சாகுபடிக்கு விடலாமா கூடாதா என்று விவாதம். எங்கள் மேசைக்கு நாளுக்கு நாலு செய்தி வரும். விஞ்ஞானம் எனக்குத் தெரியாது. என்னோடு உட்கார்ந்திருந்த யாருக்கும் தெரியாது. ஆனால் சொல் தெரியும். 'விஷக் கத்திரி', 'பேய் விதை', 'அரக்க விதை' என்று விதவிதமாகப் போட்டோம். விதை நிறுவனங்கள் அனுப்பும் அறிக்கையையும் விடவில்லை. அது வரும் நாளில் 'பசி போக்கும் அதிசய விதை' என்று போட்டோம். இரண்டும் ஒரே மேசையில், சில சமயம் ஒரே வாரத்தில் நடந்தது.

சௌந்தரராஜன் ஒரு நாள் இரண்டு பழைய பக்கங்களை என் முன்னால் விரித்தார்.

"போன வாரம் அதிசய விதை. இந்த வாரம் அரக்க விதை. நடுவுல இருக்கற ஏழு நாள்ல நாம என்ன படிச்சோம் மேடம்?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அந்த நாட்களில் எங்கள் ஓவியர் ஒரு படம் வரைந்து கொடுத்திருந்தார். கத்திரிக்காய் ஒன்றின் வயிற்றில் பெரிய ஊசி குத்தியிருக்கும். ஊசிக்குள் பச்சை மருந்து. மரபணு என்று எந்தச் செய்தி வந்தாலும் அந்தப் படத்தைப் போடுவோம். தக்காளிக்குத் தக்காளி, சோளத்துக்குச் சோளம் என்று காயை மட்டும் மாற்றித் தருவார். மற்ற பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் இதே போன்ற படம்தான். நான் அதைக் கணினியில் 'ஊசி' என்று பெயரிட்டுத் தனியாக வைத்திருந்தேன், தேட வேண்டியிருக்காதே என்று. எங்கள் வீட்டில் அம்மா கத்திரிக்காய் வாங்குவதையே நிறுத்திவிட்டார். சந்தையில் இருந்ததெல்லாம் நாட்டுக் கத்திரிதான், மரபணு மாற்றியது விற்பனைக்கே வரவில்லை. அதைச் சொன்னேன். "உங்க பேப்பர்லதானடி போட்டிருக்கு" என்றார் அம்மா.

இந்த நிலையில்தான் முசிறிப் பகுதி நிருபரிடமிருந்து பத்து வரிச் செய்தி ஒன்று வந்தது. அங்கே ஒரு கிராமத்தில் தனலட்சுமி என்ற பெண் விவசாயி, ஆய்வுக்கூடத்தில் திசு வளர்ப்பு முறையில் உருவாக்கிய வாழைக் கன்றுகளை நட்டிருக்கிறார், தார்கள் ஒரே சீராகப் பெருத்து வந்திருக்கின்றன, அக்கம்பக்கத்து விவசாயிகள் வந்து பார்த்துப்போகிறார்கள். கூடவே தோட்டத்தில் தாரைப் பிடித்தபடி அவர் சிரிக்கும் படம்.

மாவட்டப் பக்கம் மாலை ஆறு மணிக்கு முடிய வேண்டும். பக்கத்தின் மேல்பகுதியில் வர வேண்டிய விளம்பரம் கடைசி நேரத்தில் ரத்தாகி, மூன்று பத்தி அகலத்துக்கு இடம் காலியாக இருந்தது. சௌந்தரராஜன் தங்கை கல்யாண வேலைக்காக ஒரு வாரம் லீவு. பக்கத்தை அச்சுக்கு அனுப்பக் கையெழுத்துப் போட வேண்டியவள் நான் ஒருத்தி. 'ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய' என்ற சொற்களைப் பார்த்தேன். எனக்குள் தலைப்பு தானாக வந்து நின்றது.

'முசிறியிலும் வந்தது மரபணு வாழை!'

ஓவியர் ஐந்து நிமிடத்தில் ஊசியை வாழைப்பழத்தில் குத்திக் கொடுத்தார். அதைத் தனலட்சுமியின் சிரித்த முகத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். செய்திக்குள்ளும் 'திசு வளர்ப்பு' என்று இருந்ததை 'மரபணு' என்று மாற்றினேன். தலைப்பும் செய்தியும் பொருந்த வேண்டுமே. பக்கம் அழகாக இருந்தது. அன்று திருப்தியோடு வீட்டுக்குப் போனேன் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மறுநாள் காலையிலிருந்து போன்கள். துணிச்சலாக எழுதியதற்கு நன்றி என்று சொன்னவர்கள்தான் அதிகம். அதற்கடுத்த நாள் தொலைக்காட்சிக்காரர்கள் அந்தத் தோட்டத்துக்கே போய்விட்டார்கள். மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு வரவேற்பறையிலிருந்து கூப்பிட்டார்கள். முசிறியிலிருந்து ஒரு அம்மா வந்திருக்கிறார், தலைப்பு வைத்தவரைப் பார்க்க வேண்டும் என்கிறார் என்று.

கீழே போனேன். படத்தில் சிரித்த முகம். இப்போது சிரிப்பு இல்லை. என் வயதுதான் இருக்கும். மடியில் மடித்த பேப்பர், காலடியில் துணிப்பை.

"நீங்கதானா மேடம் இதை எழுதினது?"

நிருபரின் பெயரைச் சொல்லியிருக்கலாம். சென்னை அலுவலகம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. எப்படியோ, "நான்தாங்க. தலைப்பும் நான்தான் வச்சேன், படமும் நான்தான் போட்டேன்" என்றேன்.

அவர் பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு பேசினார். குரல் உயரவேயில்லை.

"வாழைக்கு விதை கெடையாதுங்க. மரத்தோட பக்கத்துல கன்னு வரும், அதை எடுத்து நடுவோம். எங்க தாத்தா காலத்துலேருந்து அப்படித்தான். இதுவும் கன்னுதான். நல்ல மரமா பாத்து, அதோட குருத்துலேருந்து துளி எடுத்து, பாட்டில்ல வச்சு நெறைய கன்னா பெருக்கறாங்க. வேற ஒண்ணையும் உள்ள சேக்கல. நீங்க இதை என்னான்னு எழுதிட்டீங்க?"

அவர் சொல்லச் சொல்லத்தான் நடந்தது தெரிந்தது. மண்டியில் அவர் அனுப்பிய முதல் லோடைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் அவரிடம், இந்தப் பழத்தைச் சாப்பிட்டால் பிள்ளை பிறக்காது என்கிறார்களே என்று கேட்டு, அவர் திகைத்து நின்றதை மட்டும் காட்டி, பின்னால் பேய்ப் படத்து இசையைப் போட்டார்கள். ஊரில் ஒரு வளைகாப்புக்கு அவர் கொடுத்த வாழைப்பழச் சீப்பைச் சபையில் வைக்காமல் ஓரமாக எடுத்து வைத்துவிட்டார்கள். குவைத்தில் வேலை செய்யும் கணவர் போன் செய்து, என்னத்தை நட்டு வைத்திருக்கிறாய் என்று கேட்டிருக்கிறார்.

"சாதா வாழைன்னா ஒண்ணு முன்ன வரும், ஒண்ணு பின்ன வரும். தள்ளித் தள்ளி வெட்டலாம். இது அத்தனையும் ஒண்ணா முத்துங்க. அதுக்குத்தான் இதை நட்டேன். இப்ப அதுவே வினையாப் போச்சு. பத்துப் பன்னண்டு நாளுக்குள்ள வெட்டியாகணும். யாரும் வாங்கலன்னா தோட்டத்துலயே பழுத்து உதுந்துடும்."

பைக்குள்ளிருந்து ஒரு சீப்பை எடுத்தார். ஒரு பழத்தை உரித்துத் தான் தின்றார். இன்னொன்றை என்னிடம் நீட்டினார்.

"ஒண்ணு சாப்பிடுங்க."

நான் கையை நீட்டினேன். ஆனால் உரிக்கக் கை வரவில்லை. ஒரு கணம்தான் இருக்கும். அந்த ஊசியும் பச்சை மருந்தும் என் கண்ணுக்கு முன்னால் நின்றன. நானே போட்ட படம். பொய் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் தயங்கினேன்.

அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"எழுதின உங்களுக்கே இப்படின்னா, படிச்சவங்களைக் குத்தம் சொல்ல முடியுமாங்க?"

உரித்துச் சாப்பிட்டேன். நன்றாகப் பழுத்த இனிப்பான பழம்.

மாடிக்குப் போய் சௌந்தரராஜனுக்குப் போன் செய்தேன். "சார், நான் ஒண்ணு பண்ணிட்டேன்" என்று தொடங்கி முழுவதும் சொன்னேன். மறுமுனையில் நாதஸ்வரக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தவர் அதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அவாளை உக்கார வையுங்கோ. மோர் ஏதாவது வாங்கிக் குடுங்கோ. நான் வரேன்."

டவுன் பஸ் பிடித்து வந்தார். கையில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைகள் இருந்த பை. வந்ததும் தனலட்சுமியைக் கும்பிட்டுவிட்டு, ஸ்டூலை இழுத்து என் மேசை அருகே உட்கார்ந்து, பென்சிலை எடுத்தார். வழக்கம்போல அந்தச் செய்தியை வாய்விட்டுப் படித்தார்.

"மரபணு வாழைன்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல சார். நிருபர் அனுப்பின காப்பியில திசு வளர்ப்புன்னு இருந்துது. ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சேன்."

வட்டம் போட்டார். அடுத்த வரிக்கும் வட்டம். படத்தைச் சுற்றி ஒரு பெரிய வட்டம். முழுப் பக்கமும் முடிந்தபோது ஓரத்தில் 'நி' என்று இருந்த ஒரே இடம், 'தார்கள் ஒரே சீராகப் பெருத்து வந்திருக்கின்றன' என்ற வரி மட்டும்தான். திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். "நாளைக்குக் காலைல நீங்க அந்தக் கூடத்துக்குப் போயிட்டு வாங்கோ. இவாளையும் அழைச்சுண்டு போங்கோ. கண்ணால பாத்துட்டு எழுதுங்கோ" என்றார்.

நானும் தனலட்சுமியும் மறுநாள் அந்தக் கன்றுகள் வந்த ஆய்வுக்கூடத்துக்குப் போனோம். பஸ்ஸில் அவர் வேறு இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே செருப்பைக் கழற்றி, தலையை மூடிக்கொண்டு போக வேண்டும். வெள்ளை விளக்கின் கீழே வரிசை வரிசையாகக் கண்ணாடிப் புட்டிகள். ஒவ்வொன்றிலும் சுண்டுவிரல் அளவுக்குப் பச்சைக் குருத்துகள். கையுறை மாட்டிய பெண்கள் அவற்றைக் கத்தியால் பிரித்துப் பிரித்து வேறு புட்டிகளில் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கிருந்த விஞ்ஞானி பொறுமையாகச் சொன்னார். "மரபணு மாற்றம்னா இன்னொரு உயிரோட மரபணுவைக் கொண்டுவந்து செடிக்குள்ள சேக்கறது. இங்க அது நடக்கல. இது தாய் மரத்தோட நகல். அப்புறம் ஒண்ணு. உங்க படத்துல இருக்கே, அந்த ஊசி, அதை மரபணு மாத்தறவங்ககூடக் காய்க்குப் போடறதில்லைங்க."

நான் குறித்துக்கொண்டேன். கிளம்பும்போது அவரே மறுபடி கூப்பிட்டார். "எங்களுக்கு நல்ல பேர் வேணும்னு, மரபணு மாத்தினதெல்லாம் கெட்டது, எங்களது நல்லதுன்னு எழுதிடாதீங்க. அதுவும் தப்பு. எந்தப் பயிர், எந்த மரபணு, எதுக்காக, யார் சோதிச்சாங்க. ஒவ்வொண்ணையும் தனித்தனியா கேட்டு எழுதுங்க."

அதைக் குறித்துக்கொண்ட தாளை ஓய்வு பெறும் வரை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன்.

எங்கள் வழக்கப்படி தவறு நேர்ந்தால் பக்கத்தின் அடியில், 'திருத்தம்' என்று இரண்டு வரி போடுவோம். சௌந்தரராஜன் அதற்கு ஒப்பவில்லை. அதே பக்கம், அதே இடம், அதே மூன்று பத்தி வேண்டும் என்றார். தலைமை அலுவலகத்துக்கு அவர் போன் செய்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். எதிர்முனைப் பேச்சு பாதி கேட்டது. இவ்வளவு பெரிதாகப் போட்டால் நாமே தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதாகும், அந்தப் பெண்மணி வழக்குப் போட்டால் என்ன செய்வது என்று கேட்டார்கள்.

"போட்டா நாம தோப்போம் சார். நியாயமா தோப்போம். அதைப் பத்தி நான் பேசலை. பத்து நாள்ல தார் எல்லாம் முத்திடும். ரெண்டு வரி திருத்தம் எந்த வியாபாரி கண்ணுலயும் படாது. பெரிசா கெடுத்தது நாம. சின்னதா எப்படிச் சரி பண்ண முடியும்?"

நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "சரி சார், பொறுப்பு என்னுது" என்று வைத்துவிட்டார்.

பிறகு தலைப்பு. நான் முதலில், 'முசிறியில் மரபணு வாழை இல்லை' என்று எழுதினேன். அவர் தலையை ஆட்டினார்.

"பஸ்ல போறவன் இதைப் பாத்தா என்ன ஞாபகம் வெச்சுப்பான்? முசிறி, மரபணு, வாழை. 'இல்லை' கீழ விழுந்துடும்."

'வாழை விவசாயிகள் அச்சப்பட வேண்டாம்' என்றேன். அச்சம் என்ற சொல்லே வேண்டாம் என்றார். ஏழெட்டு எழுதி அடித்தேன். வாழ்நாள் முழுவதும் அரை நிமிடத்தில் தலைப்பு வைத்தவளுக்கு அன்று மத்தியானம் முழுக்கப் பிடித்தது. கடைசியில் நின்றது இது: 'தாய் மரத்தின் கன்றே இந்த வாழை, நாம் எழுதியது தவறு'. படம், கண்ணாடிப் புட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு தனலட்சுமி நிற்பது. ஆய்வுக்கூடத்தில் நானே எடுத்தது.

"சார், கீழ என் பேரைப் போடுங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். துணை ஆசிரியரின் பெயர் போடும் வழக்கமே இல்லை.

"அவங்க பேரைப் போட்டு எழுதினோம். தப்புப் பண்ணவ பேர் மட்டும் எதுக்கு ஒளிஞ்சிருக்கணும்?"

போட்டார். முப்பத்திரண்டு ஆண்டுகளில் என் பெயர் எங்கள் நாளிதழில் அச்சானது அந்த ஒரு முறைதான்.

அந்தப் பக்கம் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. சில வியாபாரிகள் பேப்பரைப் பார்த்து லோடை எடுத்துக்கொண்டார்கள். சிலர், நெருப்பில்லாமல் புகையுமா என்று கேட்டார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் திரும்பி வரவேயில்லை. எங்கள் பங்குக் கோயில் திருவிழாவுக்கு நான் இரண்டு தார் வாங்கிப் போனேன். சாமியார் வாங்கி முதல் பழத்தை உரித்துக்கொண்டார், அதன் பிறகே கைகள் நீண்டன. சௌந்தரராஜன் தங்கை கல்யாணத்துக்குத் தாம்பூலப் பைகளுக்கு வேண்டிய பழம் முழுவதையும் முசிறியிலிருந்து வரவழைத்தார். அந்தக் கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். ஒரு மாமி பையைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏண்டா, இது அந்த ஊசிப் பழம் இல்லையே?" என்று கேட்டார். சௌந்தரராஜன் சற்றும் தயங்கவில்லை.

"எங்க பேப்பர் தப்பா எழுதின பழம் மாமி. பெருமாளுக்கு அமுது பண்ணியாச்சு, நானும் சாப்பிட்டாச்சு. எடுத்துக்கோங்கோ."

மாமி எடுத்துக்கொண்டார். ஆனாலும் தோட்டத்தின் ஒரு பகுதி வெட்டாமலே பழுத்து உதிர்ந்தது. தனலட்சுமி போனில் சொன்னபோது அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அது இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். கண்டிப்போடு முடித்துக்கொண்டார்கள். ஏன் அதோடு விட்டார்கள் என்பது சௌந்தரராஜன் விருப்ப ஓய்வு பெற்றுப்போன பிறகுதான் தெரிந்தது. என் கோப்பில் அவருடைய கடிதம் ஒன்று இருந்தது. தான் லீவில் போனபோது இரண்டாவது கையெழுத்துக்கு ஏற்பாடு செய்யாமல் போனது தன் தவறு, நடவடிக்கை எடுப்பதானால் முதலில் தன் மேல் எடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். ஒரு நாள்கூட என்னிடம் அதைப் பற்றி மூச்சு விட்டதில்லை. ஸ்ரீரங்கம் போய்க் கேட்டேன். "அது ஆஃபீஸ் விஷயம் மேடம்" என்று காப்பியை நீட்டினார். நன்றி சொல்ல விடவில்லை. இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

'ஊசி' என்று சேர்த்து வைத்திருந்த படங்களைத் திருத்தம் வந்த அன்றே அழித்துவிட்டேன். அறிவியல் செய்திக்கு இரண்டு கையெழுத்து என்று விதி வந்தது. எல்லாவற்றையும் விடப் பெரிய காவல் தனலட்சுமிதான். சில மாதம் கழித்து ஒரு நாள் காலையில் அவரே போன் செய்தார்.

"மேடம், இன்னிக்கு மூணாம் பக்கத்துல நெல்லுக்குப் போட்ட படம் நெல்லு இல்லைங்க. கோதுமை."

அன்றிலிருந்து விவசாயச் செய்தியில் எது தவறினாலும் ஒன்பது மணிக்குள் போன் வந்துவிடும். போகப் போக, அச்சாகும் முன்பே நான் அவரைக் கேட்க ஆரம்பித்தேன். அவர் மறுபடியும் அதே கன்றைத்தான் நட்டார். ஊரில் இன்னும் சிலர் நட்டார்கள்.

நான் ஓய்வு பெற்று மூன்று ஆண்டுகள் ஆனபோது அந்தத் தலைப்பை மறுபடியும் பார்த்தேன். எங்கள் பங்கு மக்களின் வாட்ஸப் குழுவில் யாரோ அனுப்பியிருந்தார்கள். மங்கிய படம். தேதி வெட்டப்பட்டிருந்தது. 'முசிறியிலும் வந்தது மரபணு வாழை!' என்ற என் எழுத்து, ஊசி, தனலட்சுமியின் சிரிப்பு. மேலே யாரோ புதிதாகச் சேர்த்திருந்த வரி: 'எச்சரிக்கை, குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள், அனைவருக்கும் பகிருங்கள்.' கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள்.

எத்தனை பேர் எத்தனை குழுக்களுக்கு அனுப்பியிருப்பார்களோ. திருத்தம் வந்த பக்கத்தை அலமாரியிலிருந்து எடுத்துப் படம் பிடித்தேன். குழுவில் போட்டேன். கீழே எழுதினேன்: 'மேலே இருப்பதை எழுதியவள் நான். அது தவறு. பல ஆண்டுகளுக்கு முன்பே தவறு என்று என் பெயரிலேயே எழுதியிருக்கிறேன். கேள்வி இருந்தால் எனக்குப் போன் செய்யுங்கள்.'

அந்தப் பழைய படத்தை அனுப்பியவரே நீக்கிவிட்டார். இரண்டு பேர் போன் செய்தார்கள். ஒருவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். இன்னொருவர், "உங்களுக்கு ஏன் இந்த வேலை, பேசாம இருந்திருந்தா உங்க பேர் தெரிஞ்சிருக்காதே" என்று என் மேல் அக்கறைப்பட்டார்.

அடுத்த வேலையாக முசிறிக்குப் போன் செய்தேன். தனலட்சுமிக்கு இது தெரிந்தால் எவ்வளவு வேதனைப்படுவாரோ என்று தயங்கித் தயங்கித்தான் சொன்னேன்.

"எங்க ஊர் குரூப்புலயும் வந்துச்சு மேடம்" என்றார் சாதாரணமாக. "நாலு நாள் ஆவுது. உங்க பேர் போட்ட அந்தப் பக்கம் என்கிட்ட பத்திரமா இருக்குல்ல, பையனை விட்டு உடனே அதைப் போடச் சொல்லிட்டேன்."

"ஏதாவது கேட்டாங்களா?"

"கேட்டாங்க. இந்த ஜெசிந்தா யாருன்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன்.

"எங்களுக்கு ரொம்ப வேண்டியவங்கன்னு சொன்னேன்."